பயணக்காரருக்கு அறக்குளாத் துண்டு

அரசாங்கச் செலவில் லண்டனுக்குப் போய்க் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யத் தெரிவான நாளிலிருந்து, விரிவுரையாளர் சவுந்தரநாயகம் வெள்ளவத்தையில் தன் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகிவிட்டார். போகிற மனுசனிடம் வேலை வாங்கலாமா? சந்தைக்கு மனைவி யோகேஸ்வரி போனாள். ஒழுகின குழாயை அவளே திருத்தினாள். அறக்குளா மீனின் நடுத்துண்டு அவருடைய தட்டில் விழுந்தது. ஞாயிறு தோறும் உறவினர் வீடுகளில் பயண விருந்து வேறு.

ஒரே ஒரு குறை. புலமைப்பரிசில் காசு வரவில்லை. இல்லை என்று அமைச்சில் யாரும் சொல்லவில்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை. கேட்டால், கோப்பு மேலே போயிருக்கிறதாம். மேலே கேட்டால், கீழே வந்துவிட்டதாம். கடைசியில் ஒருநாள் போனில் அழைத்து, நிதி நிறுத்தப்பட்டுவிட்டது, இனி எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். அரசாங்கம் வாழ்க்கையில் ஒருமுறை தெளிவாகப் பேசியதில் சவுந்தரநாயகத்தின் நெஞ்சே உடைந்துபோயிற்று. எத்தனை வருடக் கனவு! மத்தியானம் அறக்குளாவைக் கண்டதும் சற்றுத் தேறினார்.

"அமைச்சில என்ன சொல்லினம்?" என்று யோகேஸ்வரி கேட்டாள்.

"இன்னும் முடிவில்லையாம்," என்றார். இந்த நாட்டில் யாரும் சந்தேகப்படாத பொய் அது ஒன்றுதான்.

யோகேஸ்வரியும் சந்தேகப்படவில்லை. கவலைதான் பட்டாள். "திடீரெண்டு காசு வந்தா உடன வெளிக்கிடவேணும். அங்க ஆர் உங்களுக்குச் சமைச்சுப் போடுறது? இண்டைக்கே பழகத் தொடங்குங்கோ."

மறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பழகினார். சொதி திரைந்தது, புட்டு கல்லானது, வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ரோஸ் நிறமாயின. லண்டனில் கழிப்பறையும் தானே தேய்க்க வேண்டும், ஜன்னலும் தானே துடைக்க வேண்டும் என்று யோகேஸ்வரிக்கு நாளுக்கொரு ஞாபகம் வந்தது. மெல்ல மெல்ல மனுசனுக்குக் கை படிந்தது. பக்கத்து வீட்டுப் பைறோஸா கிண்ணத்தோடு வந்து அவருடைய மீன் குழம்பைக் கேட்டு வாங்கிப் போனாள். நடுத்துண்டு இப்போது யோகேஸ்வரியின் தட்டில் இருந்தது. அங்கே நல்ல மீன் கிடைக்காது, ஆசையை விட்டுப் பழகட்டும் என்றாள்.

இடுப்புப் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், மானம் போனால் போகட்டும் என்று கரண்டியைக் கீழே வைத்தார்.

"இஞ்சாரும், அந்தக் காசு வராது. நிப்பாட்டிப்போட்டாங்கள். நான் போகேல்ல."

"தெரியும். பைறோஸாவின்ர தம்பி அந்த அமைச்சிலதானே வேலை. அண்டைக்கே சொல்லிப்போட்டார்."

"அண்டைக்கேயோ? பிறகு ஏன் என்னைப் போட்டுப் பழக்கினீர்?"

யோகேஸ்வரி ஆற அமரத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"பயிற்சிக் காலம் முடிஞ்சுது. இனி நிரந்தர நியமனம்."