மாடி அறையும் ஐம்பது லட்சம் உலகங்களும்

நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் இந்த வீட்டில் எதையும் கெஞ்சிக் கேட்பதில்லை. கணக்குப் போட்டுக் கேட்பது. முதலில் மாடி அறை.

மொட்டை மாடியில் மூன்று பக்கமும் ஜன்னல் வைத்த ஒற்றை அறை அது. எனக்கு அங்கே தொலைநோக்கி வைக்க வேண்டும். என் மனைவிக்குத் தையல் மிஷின் போட வேண்டும். ஒரு வருடமாக இந்த இழுபறியில் அங்கே குடியிருப்பது ஓர் உடைந்த நாற்காலி மட்டும்தான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஊரில் பாதிப் பேர் நான் தேய்த்ததன் வழியாகத்தான் மீதிப் பாதியைப் பார்க்கிறார்கள். கடையில் வேலை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து எட்டு மாதம் தேய்த்து, உள்ளங்கை அகலத்துக்குத் தொலைநோக்கிக்கென்று ஒரு குழியாடி செய்தேன். அதைப் பொருத்த ஒரு குழாய் வேண்டும். வீட்டிலேயே இருந்தது. மொட்டை மாடித் தண்ணீர் இறங்குவதற்காக மனைவி வாங்கி வைத்த குழாய். மழைத்தண்ணீரைவிட நட்சத்திர வெளிச்சம் உயர்ந்தது என்பது என் கருத்து. அவள் கருத்தை நான் கேட்கவில்லை.

விளைவு, மழை பெய்தால் மாடித் தண்ணீர் கூடத்து ஜன்னல் வழியாக நேரே அவள் மிஷின்மேல் இறங்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் வெளிச்சம் வடிந்து, வானத்தில் முதல் புள்ளி ஒன்று நடுங்கிக்கொண்டு வருமே, அதைப் பார்த்தால் நான் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுவேன். அங்கேயும் யாரோ ஒருவர் வேலைவிட்டு வந்து, சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு, நம் சூரியனை ஒரு புள்ளியாகப் பார்த்து நிற்பார் என்று தோன்றும். அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவரைப் பிடிக்கும்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே அவளிடம் போனேன்.

"ஒரு பந்தயம்."

"முதல்ல மூஞ்சியைத் துடைங்க."

துடைத்தேன். "வானத்துல வேற எங்கயாவது அறிவுள்ள உயிர் இருக்குன்னு கணக்குப் போட்டுக் காட்டறேன். இருக்குன்னு ஆச்சுன்னா மாடி ரூம் அறிவுக்குச் சொந்தம். இல்லைன்னு ஆச்சுன்னா தையலுக்குச் சொந்தம்!"

வசனம் எனக்கே பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்தது போலிருக்கிறது.

"இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வச்சுக்கலாம்" என்றாள்.

நடுவராகப் பக்கத்து வீட்டு லாம் சாரைக் கூப்பிட்டோம். வானிலை அலுவலகத்தில் வேலை. மழை வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். பதினொரு வருடப் பழக்கத்தில் அவர் எதையும் உறுதியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்று சாயங்காலம் மொட்டை மாடியில் வழக்கு தொடங்கியது. லாம் சார் உடைந்த நாற்காலியில் பாதி உட்கார்ந்தார். மீதிப் பாதி நாற்காலியில் இல்லை. மனைவி யாருடைய சட்டைக்கோ பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம பால்வெளியில பத்தாயிரம் கோடி நட்சத்திரம்னு வச்சுக்குவோம்" என்று ஆரம்பித்தேன்.

"வச்சுக்கோங்க."

"பாதிக்குக் கிரகம் இருக்கும். ஐயாயிரம் கோடி."

"பாவம், இருந்துட்டுப் போகட்டும்."

"அதுல நூத்துல ஒண்ணு ரொம்பச் சூடும் இல்லாம, ரொம்பக் குளிரும் இல்லாம இருக்கும். ஐம்பது கோடி. அதுலயும் நூத்துல ஒண்ணுல உயிர் வந்திருக்கும். புழுவோ பாசியோ. ஐம்பது லட்சம் உலகம்!"

"ஐம்பது லட்சமும் சரி" என்றாள். இவ்வளவு தாராளமாக அவளை நான் பார்த்ததே இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"அதுல ஆயிரத்துல ஒண்ணுல அறிவு."

ஊசி நின்றது. "எதை வச்சு ஆயிரத்துல ஒண்ணு?"

"ஒரு மதிப்புதான்."

"நமக்குத் தெரிஞ்சதை வச்சுத்தானே மதிப்புப் போடணும்? ஊர் உலகத்தையெல்லாம் எனக்குத் தெரியாது. இந்த வீட்டைத் தெரியும். இங்க ரெண்டு உயிர். அதுல எத்தனைக்கு அறிவு இருக்கோ அதையே அங்கயும் போடுங்க. என்ன சார்?"

"நியாயமா இருக்கலாம்" என்றார் லாம் சார்.

"ரெண்டுக்கும்தான்!" என்றேன்.

"சார், மழைத்தண்ணிக்கு வாங்கின குழாயை வானத்தைப் பார்க்க நிறுத்திவச்சுட்டு, கீழ வந்து 'ஜன்னல்ல எப்படித் தண்ணி வருது'ன்னு என்னையே கேட்டவர் இவர்."

"அப்போ நான் வேற யோசனையில இருந்தேன்."

"யோசனைன்னு சொல்றார், குறிச்சுக்கோங்க."

லாம் சார் குறித்துக்கொண்டார். "உங்களைக் கழிச்சுடலாம்" என்றார்.

நான் கழிந்தேன்.

"நான் மட்டும் என்ன?" என்றாள் மனைவி பெருமூச்சோடு. "இவரைக் கட்டிக்கிட்டவதானே. என்னையும் அடிச்சுடுங்க. பூஜ்யம் போடுங்க."

ஐம்பது லட்சத்தைப் பூஜ்யத்தால் பெருக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். என் கண் முன்னால் பால்வெளி முழுக்க ஒவ்வொரு விளக்காக அணைந்தது. வேலைவிட்டு வந்து வானத்தைப் பார்த்து நின்ற அந்த முகம் தெரியாத மனிதரும் பித்தானோடு மறைந்துகொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"நில்லு! உனக்கு அறிவு இருக்கு!"

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்!"

"கழிச்சவங்க சாட்சி செல்லுமா சார்?"

"ஆதாரம் இருந்தா செல்லலாம்."

எடுத்து வீசினேன். அளவு நாடா இல்லாமலே வாசலில் வருகிறவரைப் பார்த்துச் சட்டை அளவு சொல்வாள். நான் பொய் சொல்லப்போவதை நான் யோசிப்பதற்கு முன்பே கண்டுபிடிப்பாள். மூன்று வேலையை ஒரே நேரத்தில் செய்துகொண்டே நான் செய்யாத நாலாவதையும் ஞாபகம் வைத்திருப்பாள். சொல்லச் சொல்ல எனக்கே அவள்மேல் மரியாதை கூடிக்கொண்டு போனது. இத்தனை வருடத்தில் இதையெல்லாம் நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் தலைகுனிந்து பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாம் சார் எழுந்து நின்றார். "அம்மாவுக்கு அறிவு இருக்கு. நிச்சயம்!"

நிச்சயம்! அவர் வாயிலிருந்து! சொன்னவரே திகைத்துப்போய் மறுபடி உட்கார்ந்தார், நாற்காலி இல்லாத பாதியில்.

"ரெண்டுல ஒண்ணு! பாதி! அப்படின்னா இருபத்தஞ்சு லட்சம் உலகத்துல அறிவு!" என்று கத்தினேன். அத்தனை விளக்குகளும் திரும்ப எரிந்தன. "நான் ஜெயிச்சுட்டேன்! ரூம் எனக்குத்தான்!"

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நேற்று நான் கையெழுத்துப் போட்ட தாளை விரித்தாள்.

"அறிவுள்ள உயிர் இருக்குன்னு ஆச்சுன்னா மாடி ரூம் அறிவுக்குச் சொந்தம். உங்க கையெழுத்துதானே? இந்த வீட்ல அது யாருக்கு இருக்குன்னு இப்பதான் நீங்களே மூச்சு வாங்கச் சொன்னீங்க."

நான் தோற்றிருந்தால் தையலுக்கு. ஜெயித்ததால் அறிவுக்கு. இரண்டு வாசலிலும் அவளே நின்றாள்.

தையல் மிஷினை நானும் லாம் சாரும்தான் மாடிக்குத் தூக்கினோம். அவர் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். உள்ளே மிஷின் ஓட ஆரம்பித்தது. நான் வெளியே படியில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தேன்.

வெளிச்சம் வடிந்தது. முதல் புள்ளி வந்தது. இருபத்தைந்து லட்சம் உலகங்கள். உலகத்துக்கு ஒரு மொட்டை மாடி, ஓர் அறை, அறைக்கு வெளியே ஒருவர். நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது. நான் தனியாள் இல்லை. அந்தப் பக்கமாகப் பார்த்துக் கையசைத்தேன்.

"கையாட்டினது போதும்" என்றது ஜன்னல். "அந்தக் குழாயைக் கழட்டுங்க. மிஷின் மாடிக்கு வந்துடுச்சு, ஆனா தண்ணி இன்னும் கூடத்துக்குத்தானே வரும்?"

"அப்போ என் ஆடி?" என்றேன். குழாயைக் கட்டிக்கொண்டேன். "எட்டு மாசம் தேய்ச்சது. கீறல் விழுந்துடும்."

அவள் எழுந்து வந்து என் கையில் ஓர் உறையை வைத்தாள். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, மெத்தென்ற வட்ட உறை. ஆடியைக் கழற்றி அதில் போட்டேன். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு.

"இதுல பத்திரமா இருக்கட்டும். உங்களுக்கு வேற குழாய் வாங்கிக்கலாம்" என்றாள்.

"இதை எப்போ தைச்சே?"

"போன வாரம்."

நான் பந்தயம் போட்டதே நேற்றுத்தான்.