கேத்தி மாடும் மாமனாரின் விரலும்

"ஏனுங்க மாப்ளே, மாட்டு மேல எறும்பு ஊருதுங்க."

முனியசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து, மாப்பிள்ளை நீட்டிய டேப்லெட்டின் கண்ணாடியை ஒரு துடை துடைத்தார். எறும்பு போகவில்லை. மாடு போய்விட்டது.

நவநீதன் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டைத் திரும்ப வரவழைத்தான்.

"அது எறும்பு இல்லீங்க மாமா. எதை வெட்டி எடுக்கப் போறோமோ, அதைச் சுத்தி ஓடுற கோடு. அது சரியா விழலைன்னா நீங்க விரலால இழுத்துச் சரி பண்ணோணும்."

"கோடுன்னா ஒரு இடத்துல நிக்கோணும். ஓடறதெல்லாம் கோடுங்களா?"

நியாயமான கேள்விதான்.

அவனுக்குப் பெங்களூர் கம்பெனி ஒன்றில் வேலை. போட்டோ திருத்துகிற சாஃப்ட்வேர் செய்கிறார்கள். போட்டோவில் இருக்கும் மாட்டை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றிக் கோடு போட வேண்டும். கோடு வாலை விட்டுவிடும், கொம்பைக் கடித்துவிடும். அதை யார் வேண்டுமானாலும் லேசாக இழுத்துச் சரிசெய்யும்படி ஆக்குவது நவநீதன் பொறுப்பு. ஆறு மாதமாக இதையேதான் செய்கிறான். நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் மேய்ந்த ஒரு மாட்டைச் சுற்றிக் கோடு போட ஆறு மாதம். அதற்குச் சம்பளம் வேறு. காலம் அப்படி.

மனைவி சசிரேகா பிரசவத்துக்குக் கோத்தகிரியில் உள்ள தாய்வீட்டுக்கு வந்தபோது, அவனும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான். வீட்டிலிருந்து வேலை என்றால், யார் வீட்டிலிருந்து என்று கம்பெனி கேட்பதில்லை.

மேலதிகாரி கீர்த்திவாசன் திங்கட்கிழமை காலையில் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அறுபது வயசு தாண்டின, கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாத ஒருத்தர், ரெண்டு நிமிஷத்துல அந்த மாட்டை முழுசா வெட்டி எடுக்கணும். தினமும் வீடியோ எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமை வீடியோ கால்ல நானே நேரடியாப் பார்ப்பேன். எடுத்துட்டார்னா, அடுத்த திங்கள் நீ பெங்களூர் வந்துரு, வெளியிட்டுரலாம். எடுக்கலைன்னா இந்த வேலையைத் தூக்கிப் போட்டுட்டு உன்னை பில் போடற டீமுக்கு அனுப்பிருவாங்க. அங்க போனவன் யாரும் திரும்பி வந்ததில்லை."

அப்படிப்பட்ட ஆளை நவநீதன் தேடிப்போக வேண்டியதில்லை. மாமனார் பக்கத்து அறையிலேயே பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் பாய்லருக்கு விறகு தள்ளியவர். படிப்பு அஞ்சாவது. விரல் ஒவ்வொன்றும் கேத்திக் கேரட் பருமன்.

அவசரம் இன்னொரு பக்கமும் இருந்தது. பிறந்த பிள்ளையைத் தகப்பன் வீட்டுக்கு ஒற்றைப்படை மாசத்தில்தான் அழைத்துப்போக வேண்டும் என்பது மாமியார் மாரியாயியின் சட்டம். பாப்பாவுக்கு மூணாம் மாசம் முடியப் போகிறது. அடுத்த திங்கள் கிளம்பாவிட்டால் அஞ்சாம் மாசம் வரைக்கும் பாப்பா நகராது.

"இந்த வேலை முடிஞ்சா திங்கக்கிழமையே மூணு பேரும் கிளம்பிருவீங்களா மாப்ளே?" என்று கேட்டார் முனியசாமி.

"ஆமாங்க மாமா."

"அப்படீங்களா. அப்பப் பொறுமையாத்தான் பார்க்கோணும்."

செவ்வாய்க்கிழமை நவநீதன் கோட்டில் அங்கங்கே புள்ளி வைத்தான். புள்ளியைப் பிடித்து இழுத்தால் கோடு கூடவே வரும்.

முனியசாமி கண்ணைச் சுருக்கினார். "கடுகாட்டம் இருக்குதுங்க. இதைப் புடிக்கறதுக்கு எறும்பைத்தான் கூப்பிடோணும்."

அவர் ஒரு புள்ளியைத் தொட்டால் நாலு புள்ளி நகர்ந்தது. மாட்டின் கொம்பு காதுக்கு வந்தது. காது கழுத்துக்குப் போனது.

நவநீதன் உட்கார்ந்து புள்ளியைப் பெரிதாக்கினான். சாயங்காலம் மறுபடி நீட்டினான்.

"மாடு எங்கீங்க?"

"அதுக்கு அடியிலதான் மாமா."

"வடைதான் தெரியுது. பன்னெண்டு வடை. மாட்டைப் பார்க்கோணும்னா வடையைத் தின்னாத்தான் ஆகும்."

அடுப்படியில் மாரியாயி சிரித்தது கேட்டது. சசிரேகா வாயைப் பொத்திக்கொண்டு பாப்பாவைத் தூக்கிப்போய்விட்டாள். அந்த வீட்டில் சிரிக்காத ஆள் ஒருவன்தான்.

புதன்கிழமை, விரல் பக்கத்தில் போனால் மட்டும் புள்ளி வரும்படியும், விரலை எடுத்தால் மறையும்படியும் மாற்றினான். பெரிய மூளை வேலை. அவனுக்கே பெருமையாக இருந்தது.

முனியசாமி விரலைக் கொண்டுபோனார். புள்ளி வந்தது. விரலை இழுத்தார். மறைந்தது. மறுபடி கொண்டுபோனார். வந்தது. டேப்பைக் கீழே வைத்துவிட்டு மூன்றடி தள்ளி உட்கார்ந்தார்.

"ஆளைப் பார்த்து வருது, ஆளைப் பார்த்துப் போகுது. பச்சைப் புள்ளை இருக்கற ஊடு. இதையெல்லாம் உள்ளே விடாதீங்க மாப்ளே."

அன்றைக்கு அவ்வளவுதான். அவர் அதைத் தொடவே இல்லை. மாரியாயி டேப்புக்குத் திருநீறு போட்டாள். சார்ஜ் போடுகிற ஓட்டையில் கொஞ்சம் போய்விட்டது. அதை ஊதி எடுக்கவே நவநீதனுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

வியாழக்கிழமை புள்ளியே வேண்டாம் என்று முடிவு கட்டினான். மாட்டை ஒருமுறை தொட்டால் போதும், கோடு தானே விழும். கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ கீழே ஒரு தள்ளுகட்டை. வலது பக்கம் தள்ளினால் கோடு விரியும், இடது பக்கம் தள்ளினால் சுருங்கும்.

"வால் மட்டும் விட்டுப்போச்சுங்க மாமா. லேசாத் தள்ளுங்க, போதும்."

பாய்லருக்கு விறகு தள்ளியவரிடம் போய் லேசாகத் தள்ளச் சொன்னான். அவர் ஒரே தள்ளாகத் தள்ளினார். கோடு வாலைத் தாண்டியது. முட்டைக்கோஸ் பாத்தியைத் தாண்டியது. வேலி, ரயில் பாதை, எதிர்மலை, மேகம் எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு நின்றது.

"மாடுதானுங்களே கேட்டீங்க? கேத்தியே வந்துருச்சு பாருங்க."

நவநீதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பில் போடுகிற டீம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. தள்ளுகட்டை எவ்வளவு வேகமாகப் போனாலும் கோடு மாட்டின் ஓரத்தில் தானே நின்றுவிடும்படி எழுதி முடித்தபோது மணி ஐந்து.

அதைப் பாயில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால், பாயில் கவிழ்ந்து கிடந்த பாப்பாவின் கை டேப்பின் மேல் கிடந்தது. மாடு கொம்பு, காது, வால், குளம்பு ஒன்றும் குறையாமல் தனியாக நின்றது.

"சசி! இங்க வா! பாப்பா மாட்டை வெட்டிருச்சு!"

எல்லோரும் ஓடிவந்தார்கள். முனியசாமியின் முகம்தான் கொஞ்சம் வாடியது.

"நீ சும்மா இரு சாமி" என்று பேத்தியைத் தூக்கிக்கொண்டார். "பெரியவங்க பார்த்துக்கறோம்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. லேப்டாப்பில் கீர்த்திவாசனின் முகம் தெரிந்தது. முனியசாமி ஸ்வெட்டர் போட்டு, மஃப்ளர் சுற்றி, நெற்றியில் சந்தனம் வைத்து வந்து உட்கார்ந்தார். நவநீதன் கடிகாரத்தை ஓடவிட்டான்.

"வணக்கமுங்க. சாப்டீங்களா?"

"ஆச்சுங்க ஐயா. நீங்க ஆரம்பிங்க."

"அங்க மழைங்களா? இங்க ஒரே பனி. புள்ளைகுட்டி எத்தனைங்க?"

"மாமா, நேரம் ஓடுது" என்றான் நவநீதன். ஒரு நிமிஷம் போய்விட்டிருந்தது.

முனியசாமி கேரட் விரலை மாட்டின் மேல் வைத்தார். கோடு விழுந்தது. வால் நுனி மட்டும் வெளியே நின்றது. தள்ளுகட்டையைத் தள்ளினார். கோடு வாலை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. இனி ஒரே ஒரு பட்டன். 'தனியே எடு' என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் 'வெட்டு' என்று இன்னொன்று.

விரல் கீழே வந்தது. தயங்கியது. பக்கத்தில் இறங்கியது.

மாடு மறைந்தது. முட்டைக்கோஸுக்கு நடுவில் மாட்டின் உருவத்தில் ஒரு வெள்ளை ஓட்டை. கடிகாரம் ரெண்டு நிமிஷம் காட்டியது.

"மாட்டை வெட்டச் சொன்னீங்க. வெட்டிட்டனுங்க" என்றார் முனியசாமி.

நவநீதன் மனசுக்குள் பில் போட ஆரம்பித்துவிட்டான்.

"நவநீதன்," என்றார் கீர்த்திவாசன். "அவர் சொல்றது சரி. நாம ஆறு மாசமா 'வெட்டு, வெட்டு'ன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கோம். கேட்டவர் வேறே எதை அமுக்குவார்? இந்த வாரத்து வீடியோ எல்லாம் பார்த்தேன். எறும்பு, வடை, பேய், கேத்தி. அத்தனையும் நிஜமான குறை. இங்க இருபது பேருக்கு ஒண்ணுகூடக் கண்ணுல படலை. இப்படி ஓர் ஆள் கிடைக்க மாட்டார். ரெண்டு மாசம் தள்ளி வெளியிடலாம்னு நான் மேலே பேசிக்கறேன். உன்னை டீம் மாத்தவும் விடமாட்டேன். அவர் கையில சரியாகற வரைக்கும் நீ அங்கேயே இரு."

நவநீதனுக்கு அழுகை வந்தது. இது நல்ல அழுகை. மாரியாயி கேசரி கிண்டினாள். சசிரேகா கட்டிவைத்த பையைப் பிரித்து, பாப்பா துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். "உங்களாலதான் மாமா என் வேலை தப்பிச்சுது" என்று நவநீதன் மாமனார் காலைத் தொடப் போனான். அவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நல்ல வெயில். முனியசாமி பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போயிருந்தார். வாசலில் ஸ்டெபின் வந்து நின்றான். கடைவீதியில் ஜெராக்ஸ் எடுத்து, துணி பேனர் அடித்துக் கொடுக்கிறவன்.

"முனியண்ணன் இல்லீங்களா? ஒரு வாரமா ஆளையே காணோம்."

"எனக்கு உதவியா ஊட்டுலயே இருந்தாருங்க. என்ன விஷயம்?"

ஸ்டெபின் பென்டிரைவை எடுத்துக் காட்டினான். "கல்யாண பேனருங்க. மாப்பிள்ளைக்குச் சுருட்டை முடி, பின்னாடி பூரா பனி. முடி எது, பனி எதுன்னே தெரியல. ஆளை மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்கோணும்."

நவநீதனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கொடுங்க இப்படி! அதுதான் என் தொழிலே. அஞ்சு நிமிஷம்."

ஸ்டெபின் பென்டிரைவைச் சட்டென்று பையில் போட்டுக்கொண்டான்.

"தப்பா நினைக்காதீங்க, வேற ஆள் செஞ்சா முடியெல்லாம் பிசிறடிச்சுப் போயிருமுங்க, நாலு வருசமா நம்ம கடைக் கம்ப்யூட்டர்ல ஆளை வெட்டறதெல்லாம் உங்க மாமனாருதானுங்களே!"