கண்ணாடிக்குப் பின்னால் ஓடிய ஆப்

முதலாளி சென்னியப்பன் டேப்லெட்டில் பட்டனைத் தொட்டார். பக்கம் மாறியது, தீப்பெட்டி அளவில்.

"ஏங்கண்ணு, இது எறும்புக்குச் செஞ்சதா?"

"சரி பண்ணிடலாமுங்க" என்றான் அருள்குமார்.

பெருமாநல்லூர் ரோட்டிலிருந்த அந்தப் பனியன் கம்பெனிதான் ஆப் எழுதும் தொழிலில் அவன் பிடித்த முதல் கிராக்கி. வீட்டில் அத்தனை பேரும் பனியன் கம்பெனி வேலை. தான் ஒருவனாவது தப்பிப்பதாகச் சபதம் போட்டிருந்தான். இந்த ஆப் ஊத்திக்கொண்டால் அவனும் பனியன்தான். அந்தப் பயத்தோடுதான் காலையில் கேட்டருகே ஆணியில் தொங்கிய 'லைன் சூப்பர்வைசர் தேவை' போர்டு கண்ணில் படாமல் அதன் மேலேயே ஹெல்மெட்டை ஆட ஆட மாட்டிவிட்டு வந்திருந்தான்.

டேப்லெட்டில் தையல் மிஷினுக்கு ஒன்றாக நாற்பது சின்னப் பெட்டிகள். பெட்டிக்குள் 'ஊசி உடைஞ்சுது' பட்டன். தொட்டால் திரை முழுவதும் மாறி மெக்கானிக்கைக் கூப்பிடும் பக்கம் வரவேண்டும். ஆனால் பட்டன் குடியிருப்பது பெட்டிக்குள். பெட்டியோ தன்னைத்தான் மாற்றிக்கொள்கிறது. தன்னைச் சுமக்கும் பெரிய பக்கத்தை அசைக்கும் வழி அதற்குத் தெரியவில்லை. அருள்குமாருக்கும் தெரியவில்லை.

எல்லாப் பெட்டிக்கும் அதிகாரம் கொடுத்துப் பார்த்தான். ஒன்றைத் தொட்டால் நாற்பதும் கிளம்பி, பக்கத்தின் மேல் பக்கமாக நாற்பது பக்கம் ஏறி உட்கார்ந்தன.

"திரும்பி வர நாப்பது தடவ அமுக்கணுமா தம்பி?" என்றாள் ஓவர்லாக் மிஷினில் இருந்த முத்துப்பேச்சி. "அதுக்குள்ள நாலு பனியன் தச்சிருப்பேன்."

வேறு வழியில்லை. லேப்டாப்பில் ஒரு விசையைத் தட்டினால் டேப்லெட்டில் பக்கம் மாறும்படி திருட்டு வழி ஒன்று செய்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பேக்கிங் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்கிடையே ஒளிந்துகொண்டான். சென்னியப்பன் விரல் வைத்தார், இவன் தட்டினான்.

"அடேயப்பா!" சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி தொட்டார். "எட்டு லைனுக்கும் இன்னைக்கே மாட்டிருங்க கண்ணு!"

மறுநாளிலிருந்து எட்டு டேப்லெட், ஒரே அருள்குமார். அன்று காலை கேட்டருகே ஆணியில் ஹெல்மெட் ஆடாமல் உட்கார்ந்தது மட்டுமே ஆறுதல்.

யார் எப்போது பட்டனைத் தொடுவார்கள் என்று கண்ணாடி வழியே கண்ணை எடுக்க முடியாமல் பார்த்தவன், பார்க்கப் பார்க்க வாயைப் பிளந்தான். துண்டு துண்டாக வந்த துணி ஒரு மேஜையில் தோள் வாங்கி, அடுத்ததில் கை முளைத்து, கழுத்து திறந்து, கடைசி மேஜையில் ஆள் நுழையத் தயாராக எழுந்து நின்றது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் பனியன் போட்டுத் திரிந்தவனுக்கு, இது இப்படித்தான் பிறக்கிறது என்பது தெரியாமல் போயிருந்தது.

நான்காம் நாள், மிஷினில் தைக்கும் நாகஜோதியின் வலது தோள் லேசாக ஏறினால் அடுத்த நிமிஷம் ஊசி உடையும் என்பதுவரை பிடிபட்டுவிட்டது. அவள் கை நீட்டுமுன்னே தட்டினான்.

"எக்கா! தொடுறதுக்கு முந்தியே போகுது!" நாகஜோதிக்குப் புல்லரித்தது. சென்னியப்பன் எட்டு டேப்லெட்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்.

சனிக்கிழமை காலை விடை கிடைத்தது. பெட்டி எதையும் மாற்ற வேண்டியதில்லை. 'என்னைத் தொட்டாங்க' என்று பெரிய பக்கத்திடம் சொன்னால் போதும், மற்றதைப் பக்கம் பார்த்துக்கொள்ளும். ஒரே வரி! பறந்து வந்தவன், கேட்டிலேயே முத்துப்பேச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"இத்தன நாளும் கண்ணாடிக்குப் பின்னால நாந்தானுங்க்கா மாத்திட்டிருந்தேன். இன்னைக்கு நெசமான ஆப்ப மாட்டிட்டு நான் தப்பிச்சிருவேன். மொதலாளிக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாதுங்க."

முத்துப்பேச்சி அவன் ஹெல்மெட் தொங்கிய ஆணியைப் பார்த்தாள்.

"அவுகளுக்கு மொத நாளே தெரியும் தம்பி. ஏழு மாசமா ஆள் கெடைக்காம இதுல தொங்குன சூப்பர்வைசர் போர்ட, அன்னைக்குச் சாயங்காலமே கழட்டிட்டாகல்ல!"