சிஸ்டம் ஸ்லோ

அந்த நாற்காலி மேசை நிறுவனத்தின் அலுவலகத்தில், எங்கும் எழுதி வைக்கப்படாத, ஆனால் எவரும் மீறாத விதி ஒன்று உண்டு: கணினி தெரியாது என்று வாய்திறந்து சொல்லக் கூடாது. தெரியாத இடம் வந்ததும் "சிஸ்டம் ஸ்லோ" என்று பெருமூச்சு விட வேண்டும். கேட்பவரும் அதே பெருமூச்சை விடுவார். விவகாரம் கண்ணியமாக முடிந்துவிடும்.

ஸ்டோர்கீப்பர் அன்று காலையிலிருந்தே பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மேலாளர் தம்மைப் பார்க்க வருபவர்களுக்காக நாற்காலி ஒன்று கேட்டிருந்தார். முன்பென்றால் கிடங்கு வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். இப்போது கணினி வழியாகத்தான் கேட்க வேண்டும்.

கிடங்கில் சுமை தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்தபின், "கம்ப்யூட்டரா? தண்ணிபட்ட பாடு சார்!" என்று மேலாளரிடம் அடித்துச் சொல்லி இந்த மேசைக்கு வந்தவர் அவர். அவரை இங்கேயே நிரந்தரமாக்குவதா, மறுபடி சுமை தூக்க அனுப்புவதா என்று மேலாளர் முடிவெடுக்கவிருந்த நாளும் அதுவே.

'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தினார். திரை அசையவில்லை. மீண்டும் அழுத்தினார். லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களின் மாறாத நம்பிக்கையோடு மேலும் பலமுறை அழுத்தினார்.

சற்று நேரத்தில், 'மலை' என்று பெயரெடுத்த லோடுமேன் தலைமேல் நாற்காலியோடு வந்தார். பின்னாலேயே இன்னொருவர். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே வந்தது.

"மலை, ஒண்ணுதானேப்பா கேட்டேன்!"

"நீங்க கேட்டது எனக்கெப்படிண்ணே தெரியும்? அங்க கிடங்குல பிரிண்டர் சீட்டு சீட்டா துப்புது. நாங்க தூக்கறோம்."

"கொஞ்சம் நில்லுப்பா!"

"ம்ஹூம். கம்ப்யூட்டர் சொன்னதை மட்டும் செய், குறுக்க யார் பேசினாலும் காதுல வாங்காதேன்னு மேனேஜர் உத்தரவு."

மேலாளரின் அறை நிறைந்தது. பிறகு நடைபாதையும் நிறைந்தது. பக்கத்து மேசைக் கணக்காளர் அம்மையார் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, நாடகம் ஏதாச்சும் போடறீங்களா?"

"சிஸ்டம் ஸ்லோக்கா."

"அதேதான் இங்கயும்," என்று முறைப்படி பெருமூச்சு விட்டவர், "'திரும்பப் பெறு'ன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை அமுக்குங்க. நான்கூட அடிக்கடி அமுக்குவேன்," என்றார்.

அமுக்கினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்பது விதிமீறல்.

அமுக்கினார். 'எத்தனை?' என்றது திரை. நடைபாதையில் போய் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. 'அனைத்தும்' என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

இம்முறை சிஸ்டம் ஸ்லோவாக இல்லை.

நடைபாதை காலியானது. ஆனால் தூக்கியவர்கள் அத்துடன் நிற்கவில்லை.

"ஏம்ப்பா, கண்ணு தெரியலையா? நான் உட்கார்ந்திருக்கேன்!" என்று அம்மையார் அலறினார்.

"எழுந்திருங்கம்மா. சீட்டுல 'அனைத்தும்'னு போட்டிருக்கு," என்றார் மலை, மிகுந்த பணிவோடு.

"தம்பி, இதை நிறுத்துங்க!"

"எப்படிக்கா..." என்று தொடங்கிய ஸ்டோர்கீப்பர், விதி நினைவுக்கு வரவே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சிஸ்டம் ஸ்லோ," என்று முடித்தார்.

"எது ஸ்லோ? என் நாற்காலி ஓடுதுய்யா!"

அதற்குள் மலை மேலாளரின் அறைக்குள் நுழைந்து வெளியே வந்தார். தலைமேல், உயர்ந்த முதுகுடைய சுழல் நாற்காலி மெல்லச் சுழன்றபடி சென்றது.

இனி மறைப்பதற்கு ஏதுமில்லை. ஸ்டோர்கீப்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது, மறுபடி சுமை தூக்குவது. அந்த ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி மேலாளரின் அறையை நெருங்கினார்.

கதவு தானாகவே திறந்தது. ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும், மறுகையில் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையும், அக்குளில் குடையுமாக மேலாளர் நின்றிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"சார், நான் உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்..."

"நீ என்னப்பா சொல்றது, நானே சொல்றேன்," என்று அலுவலகம் முழுவதற்கும் கேட்கும்படி மேலாளர் குரலெடுத்தார். "ஆமா, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது! ஹெட் ஆபீஸ்ல கண்டுபிடிச்சுட்டாங்க, சரி. அதுக்காக ஒரு வார்த்தைகூடச் சொல்லாம, ஆளை அனுப்பி நாற்காலியைத் தூக்கியா ஒரு மனுஷனை வேலையை விட்டு நிறுத்துவாங்க?"