இரண்டாவது தடவை கேட்பார்கள்

பின்லாந்துக்குப் போவது என்று இராயப்பன் முடிவு கட்டிவிட்டார். பின்லாந்துக்குத்தான் அது இன்னும் தெரியாது.

பதுளைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவருக்குப் பரீட்சைப் பிரிவில் வேலை. மனைவி பவுலினாவுக்கு அங்கேயே நூலகத்தில். அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தது. இங்கிருந்து மாணவர்கள் அங்கே போவார்கள். அங்கிருந்து மாணவர்கள் இங்கே வந்து, பச்சை மிளகாயைக் கடித்துக் கண்ணீர் விட்டு, தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். விரிவுரையாளர்களும் போய் வந்தார்கள். இந்த வருடம்தான், கல்விசாரா ஊழியர் ஒருவருக்கும் ஒரு மாதம் இடம் உண்டு என்று அறிவித்தார்கள்.

விண்ணப்பங்களைச் சலித்துச் சலித்து, கடைசியில் சல்லடையில் இரண்டு பெயர்கள் நின்றன. ஒன்று இராயப்பன். மற்றது பவுலினா. இருவரில் யார் என்று தீர்மானிக்க, கைசா என்ற பெண்மணி பின்லாந்திலிருந்து வந்திருந்தார்.

இராயப்பன் கவலைப்படவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பெயர் என்றால் வீட்டுத் தலைவர் போவதுதானே முறை. பவுலினாவும், சும்மா போட்டுப் பார்த்தேன் என்றுதான் சொல்லியிருந்தாள். வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் புத்தகம் எடுத்துக் கொடுத்தே அவளுக்கு வயது நாற்பத்தைந்து ஆகியிருந்தது. பின்லாந்து வரைபடத்தின் மேல் அவள் நெடுநேரம் குனிந்து நின்றதை அவர் ஒருநாள் பார்த்தார். தூசி தட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் தடித்த குளிர்ச்சட்டை ஒன்று வாங்கி, பழகிக்கொள்வதற்காக வீட்டுக்குள்ளேயே போட்டுத் திரிந்தார். பெரகலைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தில் இருந்த அவருடைய அக்கா, தம்பி விமானம் ஏறிவிட்டதாக லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். போன் எடுத்தால், அங்கே இப்போது என்ன நேரம் என்று கேட்டார். இனிமேல் போகாமல் இருந்தால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அதனால் இராயப்பன் ஒரு திட்டம் போட்டார். சனிக்கிழமை மத்தியானம் கைசாவைப் பண்டாரவளையில் உள்ள தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். முதல்நாள் மாலை அந்தத் திட்டத்தைப் பவுலினாவுக்கு விளக்கினார்.

“சாப்பிட்டு முடிஞ்சதும் நானே பேச்ச எடுப்பேன். நீங்க வாறீங்களான்னு கேப்பாங்க. ஒடனே சரின்னுடுவேன்.”

பவுலினா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

“ஒடனேயா?”

“ஏன், என்னா?”

“கேட்ட கையோட சரின்னா, இதுக்குன்னே அலஞ்சவருன்னு நெனச்சிட மாட்டாங்களா? விருந்துக்குப் போனாக்கூட நம்மாளுங்க ரெண்டு தடவ வேணாம்னு சொல்லிட்டுத்தானே வாங்கிச் சாப்பிடுறோம்.”

இராயப்பன் யோசித்தார். அதில் நியாயம் இருந்தது.

“மொதல்ல, ‘எனக்கு எதுக்குங்க, எங்க வீட்டுக்காரி போகட்டும்’னு சொல்லுங்க. பெரிய மனுசத்தனமா இருக்கும். இல்ல, நீங்கதான் வரணும்னு ரெண்டாவது தடவ கேப்பாங்க. அப்ப மெதுவாத் தலைய ஆட்டுங்க.”

“நீ என்னா செய்வ?”

“நான் என்னத்தச் செய்யப் போறேன். சோறு போடுவேன்.”

இத்தனை வருடம் தம்மோடு வாழ்ந்ததில் இவளுக்கும் கொஞ்சம் புத்தி ஒட்டியிருக்கிறதே என்று இராயப்பன் மகிழ்ந்தார். குளிர்ச்சட்டையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்று, நெஞ்சில் கை வைத்து, “எனக்கு எதுக்குங்க” என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை அவருக்கே தம்மேல் இரக்கம் வந்துவிட்டது.

கைசா ரயிலில் வந்து சேர்ந்தார். சோறு, கோழிக் கறி, போஞ்சி, பப்படம். ஒரு தட்டை ரசித்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கோழி போடட்டுமா என்று பவுலினா கேட்டாள். வேண்டாம், நன்றி என்றார் கைசா. பவுலினா சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இராயப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னாலேயே ஓடினார்.

“என்னா நீ, ஒரு வார்த்த கேட்டுட்டுச் சட்டியத் தூக்கிட்டு வந்துட்ட?”

“வேணாம்னாங்களே.”

“வேணாம்னா போடுன்னு அர்த்தம். இதுகூடவா தெரியல?”

சட்டியைத் திரும்பக் கொண்டுவந்து, கைசா கையைக் குறுக்கே நீட்டுவதற்குள் இரண்டு அகப்பை ஊற்றினார். அந்த அம்மாள் நெற்றி வியர்க்க வியர்க்க, பரீட்சை எழுதுவதுபோல் அதைத் தின்று முடித்தார். வற்புறுத்தினால்தான் இவர்களும் சாப்பிடுகிறார்கள். உலகம் முழுக்க ஒரே முறைதான் என்று இராயப்பனுக்கு உறுதியாயிற்று.

தேநீர் வந்தது. இராயப்பன் பரிமாற்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். கைசா கோப்பையை வைத்துவிட்டு நேராகக் கேட்டார்.

“மிஸ்டர் இராயப்பன், உங்களுக்கு வர விருப்பமா?”

இராயப்பன் கண்களைத் தாழ்த்தினார். கை நெஞ்சுக்குப் போனது.

“எனக்கு எதுக்குங்க. என் மனைவி போகட்டும்.”

“நல்லது,” என்றார் கைசா. பவுலினா பக்கம் திரும்பினார். “உங்களுக்கு விருப்பமா?”

“விருப்பம்,” என்றாள் பவுலினா.

கைசா எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். இராயப்பனின் கை இன்னும் நெஞ்சில்தான் இருந்தது.

அவர் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தார். வாழைப்பழம் சாப்பிடும்போது காத்திருந்தார். ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியெல்லாம் காத்திருந்தார். பதுளை ரயில் வந்து நின்றபோது பொறுக்க முடியாமல், வேறு ஏதாவது கேட்க மறந்தீர்களா என்று தாமே கேட்டார். கைசா கொஞ்சம் யோசித்து, ஆமாம், கறி மிகவும் உறைப்பு, தண்ணீர் கேட்க மறந்துவிட்டேன் என்றார். பிறகு, உங்களைப் போன்ற கணவரை நான் எங்கள் நாட்டில்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

திங்கட்கிழமை பல்கலைக்கழகம் முழுக்க அதே பேச்சு. பதிவாளர் கைகொடுத்தார். நூலகத்துப் பெண்கள் கூடிக் கைதட்டினார்கள். கணக்குப் பிரிவு மொஹிதீன் மட்டும் கோபமாக இருந்தார். தன் மனைவி ஹம்ஸியாவுக்கு விஷயம் எட்டிவிட்டதாம். காலையில் எழுந்தது முதல் ‘இராயப்பன் மாதிரி’ என்ற இரண்டு சொல்லைத் தவிர வீட்டில் வேறு பேச்சில்லையாம். இத்தனை புகழுக்குப் பிறகு உண்மையைச் சொல்ல இராயப்பனுக்கு வாய் வரவில்லை. வாரக் கடைசியில், தாம் மனமறிந்துதான் விட்டுக்கொடுத்தோம் என்று அவரே கிட்டத்தட்ட நம்பிவிட்டார். அக்காவுக்கும் அப்படியே சொன்னார். அக்கா லயத்தில் அதையும் பெருமையாகவே பரப்பினார்.

புறப்படும் நாள் வந்தது. கொழும்புக்குப் போகும் வேன் வாசலில் நின்றது. தன் அளவுக்குப் பிடித்துத் தைத்த அந்தக் குளிர்ச்சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு பவுலினா ஏறி உட்கார்ந்தாள். இவ்வளவு அழகாக அவள் சிரித்து இராயப்பன் பார்த்ததில்லை.

“ஒன்னு சொல்லணுங்க. இது பரிமாற்றம்தானே. நான் அங்க போனா, அங்கேயிருந்து ஒருத்தர் இங்க வரணும். நாளைக்கு வாறாரு. ஒரு மாசம் நம்ம வீட்லதான் தங்குறாரு.”

“சமையல்?”

“நீங்க நல்லாக் கவனிச்சுக்குவீங்கன்னு சொல்லிட்டேன்.”

வேன் உறுமியது. அவள் தலையை வெளியே நீட்டினாள்.

“அவருக்குக் கோழிய அள்ளி அள்ளி ஊத்திடாதீங்க. அவங்க வேணாம்னா வேணாந்தான். ரெண்டாவது தடவ கேக்குற வழக்கமே அவங்ககிட்ட இல்ல. கைசா லைப்ரரிக்கு வந்த மொத நாளே நான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

வேன் வளைவில் மறைந்தது. இராயப்பன் வாசலில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கைசா நூலகத்துக்கு வந்தது விருந்துக்கு முந்திய திங்கட்கிழமை. பவுலினா வெங்காயம் உரித்தது வெள்ளிக்கிழமை.