கூழுக்கு விற்ற வாக்கு

சட்டம் எழுதுகிறவனுக்கு, அது தன் தலையிலேயே முதலில் விழும் என்று ஒருபோதும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பங்களை அரசாங்கம் முடக்கிவைத்து, பின்னாளில் 'தமிழர் வழக்கு' என்று பேர்பெற்ற காலம் அது. மனைவி சாந்தி கொழும்பில், நான் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்தில், அவளைக் கூப்பிடும் விண்ணப்பம் ஏதோவொரு அலமாரியில். ஐந்து ஊர்களில் இருந்த, என்னைப் போன்ற அரைக் குடும்பஸ்தர்கள் சேர்ந்த சங்கத்துக்குத் தலைவர் தேவைப்பட்டார். அவர்தான் வழக்கறிஞரோடு போய் எங்களுக்காகக் கதைக்க வேண்டும். எஸ்பியர்க்காரர் எல்லோரும் டேனிஷ் நன்றாகத் தெரிந்த ராசன் அண்ணையின் பக்கம். போட்டிக்கு நின்றவர் வைலே நகரத்துச் செல்லத்துரை அண்ணை. தங்கமான மனிதர், ஆனால் அவருடைய டேனிஷ் 'வணக்கம், நன்றி'யோடு முடிந்துவிடும்.

பனிக்குள் எல்லோரும் தேர்தல் நடக்கும் வைலேக்குப் போய் வாக்களிக்க முடியாதே என்று கவலைப்பட்டார்கள். நான் எழுந்தேன். (நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பாதி படித்திருந்தேன், அதுதான் வினை.)

"அமெரிக்காவிலை மாநிலங்கள் தேர்வாளர்களைத் தெரிஞ்செடுக்கும். அந்தத் தேர்வாளர்கள்தான் ஜனாதிபதிக்கு வாக்குப் போடுறது. நாங்களும் ஊருக்கு ஒரு தேர்வாளரை அனுப்புவம்."

"அந்தாள் அங்கை போய் மாறிப் போட்டால்?" என்றார் ஒருவர்.

"அதுக்கும் அங்கை சில மாநிலங்களிலை சட்டம் இருக்கு!"

அன்றே எழுதினேன்: ஊர் சொன்னவருக்கே வாக்களிப்பேன் என்று தேர்வாளர் சத்தியக் கையெழுத்து வைக்கவேண்டும். மாறிப் போட்டால் வாக்குச் செல்லாது, பதவி போய்விடும், மாற்றாள் வாக்களிப்பார். எஸ்பியர்க் தேர்வாளராக என்னையும், மாற்றாளாக என் அறைத்தோழன் யோகனையும் அனுப்பினார்கள்.

வைலே ரயில் நிலையத்தில் செல்லத்துரை அண்ணையே நின்றார். "குளிருக்கை வந்திருக்கிறியள், வாங்கோ" என்று வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஊரிலிருந்து வந்த பனங்கிழங்கு ஒடியல் மாவில் கூழ்! நண்டு, பயற்றங்காய், மீன் எல்லாம் போட்டது. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த மணம். ஊரில் கூழ் குடிக்கும் பிலாவிலைக்குப் பதில் காப்பிக் கோப்பை. நான் இரண்டு கோப்பை குடித்தேன். யோகன் நான்கு.

கூட்டத்தில் ஐந்து தேர்வாளர்கள். இரண்டுக்கு இரண்டு. கடைசி வாக்கு என்னுடையது. "செல்லத்துரைக்கு ஆர்?" என்று கேட்டார்கள். அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த கை, என்னைக் கேளாமலே எழுந்துவிட்டது.

யாரோ சட்டத்தைக் கேட்டார்கள். என் கையெழுத்து மற்றவர்களுக்கு விளங்காது என்பதால் என் பதவி நீக்கத்தை நானே உரத்து வாசித்தேன்.

யோகன் எழுந்தான். "கூழ் வேறை, சத்தியம் வேறை. ராசன் அண்ணை!"

முதலில் கைதட்டியவர் செல்லத்துரை அண்ணைதான். "மிச்சக் கூழ் கிடக்கு, குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். (குடித்தோம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மீசைதான் ஏற்கெனவே போய்விட்டதே!)

யோகன் அடுத்த நாளே கொழும்பிலிருந்த சாந்திக்கு இதையெல்லாம் எழுதிக் கடிதம் போட்டுவிட்டான். ஒருவழியாக விசா கிடைத்து வந்திறங்கிய சாந்தி, விமான நிலையத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி:

"என்னை ரெண்டு கோப்பைக் கூழுக்கு வித்த ஆள் நீங்கள்தானே?"

இன்றும் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், நான் முதல் வாய் வைக்குமுன் காதுக்குள் சொல்வாள்:

"வடிவாச் சாப்பிடுங்கோ. கையை மட்டும் தூக்காதேங்கோ."