தண்ணீர் வேண்டாம் என்று நான் கத்தியது பற்றி

வியெஷ்போவா,
ஈஸ்டர் கழிந்த இரண்டாம் புதன்

மதிப்பிற்குரிய சம்பந்தியும் நம் ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படையின் தலைவருமான லுதோமிர் அவர்களுக்கு, ஹியரோனிம் எழுதிக்கொள்வது. இங்கே இருமலைத் தவிர மற்றபடி எல்லோரும் நலம். அங்கேயும் எல்லோரும் நலமாக இருக்க ஆண்டவர் அருளட்டும். தீயணைப்பு வண்டியின் நலத்தை விசாரிக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். ஜூனில் என் மகள் போக்னாவுக்கும் உங்கள் மகன் ராடெக்குக்கும் கல்யாணம். அதற்குள் என் வேலை போய்விடும் போலிருக்கிறது. "எச்சரிக்கை போதவில்லை" என்று சொல்லி முதலாளி என்னை வீட்டில் உட்காரவைத்திருக்கிறார். நீங்கள் போய் உண்மையை ஒரு வார்த்தை சொன்னால் வேலை தப்பும். ஞாபகமில்லை என்று நீங்கள் நழுவிவிடக் கூடாது என்பதற்காக, நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் கிடங்கில் இருக்கும் சரக்குக்கு டிரைமெத்தில்குளோரோசிலேன் என்று பெயர். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். தண்ணீரைக் கண்டால் மட்டும் ஆகவே ஆகாது. ஒரு குவளை பட்டால் போதும், சீறிக்கொண்டு அமிலப் புகையாகக் கிளம்பும். தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மருந்து ஆலைகளுக்கு இது இல்லாமல் ஓடாது, எனக்கும் இதை விட்டால் பிழைப்பு கிடையாது. வழக்கமாக ஜெர்மனியிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்த சரக்கு. இந்த வருஷம் அங்கே தட்டுப்பாடு என்று முதலாளி எங்கேயோ மலிவாகப் பிடித்தார். பெரிய வெள்ளியன்று லாரி வந்தது, ஒரு பீப்பாயின் மூடி நசுங்கிக் கசிந்துகொண்டிருந்தது. பண்டிகைக்காக ஆலை பூட்டியாச்சு, லாரிக்காரன் இறக்கிப் போட்டுவிட்டுப் போயாச்சு, முதலாளி போனை எடுக்கவில்லை. நான் அதை முற்றத்துக் கொட்டகையில் காய்ந்த மணல் தொட்டிக்குள் நிற்கவைத்து, தார்ப்பாய் போர்த்தி, எதிரே நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். ஞாயிறன்று ஈஸ்டர் சூப்பைக்கூட அங்கேயே, ஆறிப்போன பிறகுதான் குடித்தேன்.

மறுநாள் ஈஸ்டர் திங்கள், நம் ஊர் வழக்கப்படி பெண்கள்மேல் தண்ணீர் ஊற்றி விளையாடும் நாள். அன்றைக்கு நனைக்கப்படாத பெண்ணை யாருக்கும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். தெரியும், என் மனைவியை நானும் நனைத்தவன்தான். வருங்கால மருமகளை நனைக்க ஒரு வாளி போதாதா? போக்னா எனக்குக் கேக் கொண்டுவந்து கிடங்கு வாசலில் நிற்கிற நேரம் பார்த்து, சைரன் போட்டுக்கொண்டு, தடியன்களை ஏற்றிக்கொண்டு, தீயணைப்பு வண்டியிலா வருவார்கள்?

நான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தேன். "தண்ணி வேணாம் சம்பந்தி, தண்ணி வேணாம்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அன்றைக்கு ஊரே அப்படித்தான் கத்தும், கத்துகிறவனுக்குத்தான் கூடக் கொஞ்சம் ஊற்றுவார்கள். "பாருங்கடா, சம்பந்தியோட வெக்கத்த. நல்லா அடிங்கடா" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. குழாய் என் பக்கம் திரும்பியது. நான் கொட்டகையை மறைத்துக்கொண்டு நின்றேன், ஆனால் என் உடம்பு எவ்வளவுதான் மறைக்கும்? தார்ப்பாய் பறந்தது. தொட்டி சீறியது. வெள்ளைப் புகை எழும்பியதைப் பார்த்து, புதுப் போப் வந்துவிட்டார் என்று மணியடிக்க ஓடினாராம் நம் மாதாகோயில் பணியாளர். அதோடாவது விட்டீர்களா? புகையைக் கண்டதும் உங்கள் ஆட்களுக்கு விளையாட்டுப் போய்க் கடமை வந்துவிட்டது. "டேய் புகைடா, இன்னும் அடிடா" என்று இரண்டாவது குழாயையும் திறந்துவிட்டார்கள்.

காற்று ஆற்றுப் பக்கம் அடித்ததால் யாரும் சாகவில்லை. வண்டியின் பளபளப்பெல்லாம் அரித்துப்போய்விட்டது என்று நீங்கள் அழுதீர்கள். கண் எரிகிறது என்று என் மகள் அழுதபோது நீங்கள் பக்கத்தில் இல்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதற்கெல்லாம் மேல், முதலாளி கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "கத்தினாரு, இல்லேங்கல. ஆனா ரசிச்சுக் கத்துன மாதிரிதான் இருந்துச்சு." ரசித்தேனாம். வாயைத் திறந்து ரசித்ததில்தான் இந்த இருமல் வந்தது.

நாளைக்கே போய் உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஜூனில் கல்யாணம் கிடையாது, என் வாசல்படியையும் நீங்கள் மிதிக்க வேண்டாம்.

உங்கள் மனைவிக்கு என் வணக்கம். அன்றைக்கு ஒரு சின்ன வாளியோடு நடந்தே வந்த ராடெக்குக்கு மட்டும் என் மனமார்ந்த ஆசி.

இப்படிக்கு,
இன்னும் ஈரம் காயாத
ஹியரோனிம்

பி.கு.: உறையை ஒட்டும்போது முதலாளி போன் செய்தார். என் வேலை இருக்கிறதாம். எனக்கு மேலே பாதுகாப்பு அதிகாரி என்று புதுப் பதவி ஒன்று போட்டிருக்கிறார்களாம். இந்தச் சரக்கின்மேல் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதில் நேரடி அனுபவம் உள்ளவர் வேண்டுமென்று உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வாழ்த்துகள் சம்பந்தி. மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். கிழித்தே போட்டிருப்பேன், ஆனால் போக்னா அதற்குள் ராடெக்குக்குப் போனில் முழுதும் படித்துக் காட்டிவிட்டாள். கல்யாணம் ஜூனில்தான். நீங்கள் வருகிற திங்களன்று வேலையில் சேர்கிறீர்களாம். மறுபடியும் திங்கள். தயவுசெய்து கையைத் துடைத்துவிட்டு வாருங்கள்.